செவர்லே கார்வேர்: முடித்து வைத்தது நேடரா, மஸ்டாங்கா?

#1 பின்எஞ்சின்பிரியன்

பழைய அமெரிக்க கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் செவர்லே கார்வேரின் கதையை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். "ரால்ஃப் நேடர் புத்தகம் எழுதினார், கார் ஒழிந்தது." கார்களின் பாதுகாப்புக் குறைகளைக் கேள்வி கேட்டு அந்த வழக்கறிஞர் 1965இல் எழுதிய புத்தகம் அது. போன வாரம் ஃபோர்டு மஸ்டாங் இழையிலும் இதேதான் வந்தது. அங்கே பதில் போட்டால் பேச்சு திசைமாறும் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த காரில் குறை இருந்தது உண்மை. அதைத் தெரிந்தே விட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் கார்வேரின் ஆயுளை முடித்தது அந்தப் புத்தகம் அல்ல.

முதலில் அந்தக் காலத்துச் சூழ்நிலை. 1950களில் அமெரிக்க கார்கள் வருடத்துக்கு வருடம் நீண்டு, அகன்று, பின்னால் சிறகு முளைத்துக்கொண்டே போயின. எதிர்த்திசையில் போய் வெற்றி கண்டவை இரண்டு. ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில். இன்னொன்று விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் தயாரான ராம்ப்ளர். அமெரிக்கன் மோட்டார்ஸ் தலைவர் ஜார்ஜ் ராம்னி ஊர் ஊராகப் போய், பெரிய கார்கள் தேவையில்லாத சுமை என்று பேசிக்கொண்டிருந்தார். 1958 பொருளாதார மந்தத்தில் பெரிய கார்கள் ஷோரூமிலேயே தேங்கி நின்றபோது ராம்ப்ளர் விற்பனை ஏறியது. 1959இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று வெளிநாட்டு வண்டி. அதன்பிறகு டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களுக்கும் வேறு வழியில்லை. 1959 இலையுதிர் காலத்தில், சில வார இடைவெளியில், ஃபோர்டு ஃபால்கன், பிளிமத் வேலியன்ட், செவர்லே கார்வேர் என மூன்று காம்பாக்ட் கார்கள் வந்தன. கார்வேர் வந்த நாள் அக்டோபர் 2.

ஃபால்கனும் வேலியன்ட்டும் வழக்கமான அமெரிக்க காரின் சின்ன உருவங்கள். முன்னால் எஞ்சின், அதற்கு ரேடியேட்டர், பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோக நடுவே நீண்ட தண்டு. செவர்லேயின் பொது மேலாளர் எட் கோல் அந்த வழிக்குப் போகவில்லை. 1955இன் புகழ்பெற்ற செவர்லே வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அவர் எஞ்சினைத் தூக்கிப் பின்னால் வைத்தார். அலுமினியத்தில் வார்த்த ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த வாக்கில், 2.3 லிட்டர், 80 குதிரைத்திறன், காற்றாலேயே குளிரும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் உறைந்துபோகும் கவலை கிடையாது. நடுத்தண்டு இல்லாததால் உள்ளே தரை தட்டையாக இருக்கும். முன்பக்கம் எடை குறைவு என்பதால் பவர் ஸ்டியரிங் இல்லாமலே ஒற்றைக் கையில் திருப்பலாம். பாடியும் சேஸியும் ஒரே கூடாக இணைந்த கட்டுமானம். இத்தனையையும் 2000 டாலரை ஒட்டிய விலையில், செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற பழமை பேணும் நிறுவனம், லட்சக்கணக்கில் தயாரித்து விற்கத் துணிந்தது. மோட்டார் டிரெண்ட் பத்திரிகை 1960இன் சிறந்த கார் என்று இதைத் தேர்ந்தெடுத்தது வியப்பில்லை.

தோற்றத்தையும் சொல்ல வேண்டும். சிறகு இல்லை, குரோம் அலங்காரம் அதிகமில்லை. இடுப்பளவில் வண்டியைச் சுற்றி ஓடும் ஒரு மடிப்புக் கோடு மட்டும். அந்தக் கோட்டை அப்புறம் ஜெர்மனியின் என்எஸ்யு பிரின்ஸ் 4, பிரிட்டனின் ஹில்மன் இம்ப், சோவியத் ஜப்போரோஜெட்ஸ் வரை பார்க்கலாம். ஐரோப்பா அமெரிக்க காரைப் பார்த்து வரைந்த அபூர்வமான காலம் அது.

#2 வைகைக்கரை

அருமையான தொடக்கம் அண்ணா. ஆனால் ஒரு கேள்வி. குறை இருந்தது உண்மை என்று நீங்களே சொல்கிறீர்கள். மனிதர்கள் செத்திருக்கிறார்கள். 1962 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் எர்னி கோவாக்ஸ் என்ற பெரிய தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர், மழை ஈரத்தில் கார்வேர் வேகன் கட்டுப்பாடிழந்து கம்பத்தில் மோதி இறந்தார். சான்டா பார்பராவில் கார்வேர் கவிழ்ந்து ஒரு பெண்ணுக்கு இடது கை போனது. அந்த வழக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் 70,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நேடரின் முதல் அத்தியாயம் அந்தப் பெண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. அப்புறம் ஏன் அவரைக் குறை சொல்ல வேண்டும்?

#3 பின்எஞ்சின்பிரியன்

தம்பி, நான் நேடரைக் குறை சொல்லவில்லை. புத்தகம்தான் காரைக் கொன்றது என்ற கூற்றைத்தான் மறுக்கிறேன். இரண்டும் வேறு வேறு. குறை என்ன என்பதை நம் சஸ்பென்ஷன் ஆள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். லேத்பட்டறை சார் இருக்கிறீர்களா?

#4 லேத்பட்டறை

இருக்கிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

1960 முதல் 1964 வரையான கார்வேரின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில் வகை. இரண்டு பின்சக்கரத்துக்கும் தனித்தனி அரை ஆக்சில். ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம், இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை ஒட்டி, ஒரே ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் (மடங்கும் இணைப்பு). சக்கரத்தின் பக்கம் ஜாயின்ட் கிடையாது. அதனால் கதவு கீலில் ஆடுவதுபோல் சக்கரம் அந்த உள் ஜாயின்ட்டை மையமாக வைத்து வட்டக்கோட்டில்தான் ஏறி இறங்கும். ஏறும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாயும், இறங்கும்போது வெளியே சாயும். நேராக நிற்கவே நிற்காது.

நேர்ச்சாலையில் இதனால் ஒன்றும் ஆகாது. பள்ளம் மேடுகளில் சொகுசாகவே போகும். வளைவில், அதுவும் வேகமான வளைவில்தான் சங்கதி. வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது. வெளிப்பக்க டயர் தரையைப் பிடித்துக்கொண்டு உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை சக்கரத்தை வண்டிக்கு அடியில் மடக்கப் பார்க்கிறது. சக்கரம் மடங்க மடங்க வண்டியின் பின்பாகம் மேலே எழும்புகிறது. எழும்பினால் டயர் விளிம்பில் நிற்கும், பிடிமானம் சட்டென்று விடும். எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்னால் இருக்கிற வண்டி. பின்பக்கம் நழுவ ஆரம்பித்தால் சாதாரண ஓட்டுநர் பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், அல்லது பிரேக்கை மிதிப்பார். இரண்டுமே பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து நிலைமையை மோசமாக்கும்.

இதற்கு மருந்து பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. முன்பக்கம் ஒரு ஆன்டி ரோல் பார் (இரண்டு சக்கரத்தையும் குறுக்கே இணைக்கும் கம்பி) போட்டால் வண்டி சாய்வது குறையும், முன்சக்கரங்கள் முதலில் வழுக்கும். அது ஓட்டுநருக்குப் பழக்கமான, சமாளிக்கக்கூடிய நடத்தை. பின்னால் ஆக்சில் அளவுக்கு மேல் கீழே தொங்காதபடி தடுத்தால் மடங்குவதும் நிற்கும். 1962 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் இதையே செய்து விற்றது, ஆனால் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் விருப்பத் தொகுப்பாக! முன் ஆன்டி ரோல் பார், கடினமான ஸ்பிரிங்குகள், பின் ஆக்சிலைக் கட்டுப்படுத்தும் பட்டைகள். 1964இல்தான் முன் பாரும், பின்னால் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங்கும் எல்லா வண்டிக்கும் வந்தன. எஞ்சினியருக்குத் தெரியும், விற்பனைத் துறைக்கும் தெரியும், வாங்கும் குடும்பஸ்தருக்கு மட்டும் தெரியாது. என்னைப் பொறுத்தவரை கார்வேர் கதையில் மன்னிக்க முடியாத இடம் இதுதான். வடிவமைப்பில் தவறு நேரலாம். மருந்தை அலமாரியில் வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் தருவது வேறு ரகம்.

#5 மலர்வேணி

டயர் காற்று பற்றிச் சொல்லுங்கள் சார். முன்னால் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 26 என்று எங்கோ படித்தேன். 15 என்பது அச்சுப்பிழையாக இருக்குமோ என்று நினைத்தேன்.

#6 லேத்பட்டறை

அச்சுப்பிழை இல்லை அம்மா. குளிர்ந்த நிலையில் முன்னால் 15, பின்னால் 26 தான் தொழிற்சாலை சொன்ன அளவு. முன் டயரை வேண்டுமென்றே தளர்வாக வைத்தால் வளைவில் முன்பக்கம் முதலில் நழுவும், பின்பக்கம் காப்பாற்றப்படும். ஆன்டி ரோல் பார் செய்ய வேண்டிய வேலையை டயர் காற்றிடம் ஒப்படைத்தார்கள்.

கணக்குப்படி அது வேலை செய்கிறது. சரியான காற்றுடன் ஓட்டினால் நல்ல வண்டி. ஆனால் அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன் நான்கு டயருக்கும் ஒரே அளவுதானே வைப்பான்? அவன் பழகிய வண்டிகள் அப்படி. 15 என்று பார்த்தால் காற்று இறங்கிவிட்டது என்றுதான் நினைப்பான். அவன் நல்லெண்ணத்தோடு 26 ஏற்றிவிட்டால், உரிமையாளருக்கே தெரியாமல் வண்டியின் குணம் தலைகீழாக மாறிவிடும். ஒரு குடும்பத்தின் பாதுகாப்பை இப்படி ஒரு எண்ணில் தொங்கவிடக்கூடாது.

#7 வைகைக்கரை

இதைப் படித்தபிறகு எனக்கு நேடர் மேல் மரியாதை கூடித்தான் போகிறது.

#8 பின்எஞ்சின்பிரியன்

எனக்கும்தான். இப்போது விற்பனைக் கதைக்கு வருகிறேன். என் வாதம் அங்கேதான் இருக்கிறது.

முதல் வருடமே செவர்லே தோற்றது. 1960இல் ஃபால்கன் சுமார் 4.35 லட்சம், கார்வேர் சுமார் 2.5 லட்சம். சிக்கனத்துக்காகச் சின்ன கார் வாங்குகிறவர் புதுமை கேட்கவில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் வண்டி கேட்டார். ஃபோர்டில் ராபர்ட் மெக்நமாரா அதைச் சரியாகப் பிடித்தார். செவர்லே அவசர அவசரமாக வழக்கமான முன் எஞ்சின் காம்பாக்ட் ஒன்றைத் தயாரித்து, 1962 மாடலாக செவி 2 என்ற பெயரில் இறக்கியது. வெளிவந்து இரண்டே வருடத்தில் கார்வேரின் அசல் வேலையை அதன் சொந்தத் தம்பி எடுத்துக்கொண்டான்.

ஆனால் நடுவில் எதிர்பாராத ஒன்று நடந்தது. 1960இன் பாதியில் மோன்சா என்ற கூபே வந்தது. முன்னால் தனித்தனி பக்கெட் சீட், நல்ல உள்வேலைப்பாடு. அதற்குக் கூட்டம் அலைமோதியது. 1961இல் விற்ற கார்வேர்களில் ஏறக்குறைய பாதி மோன்சா. நான்கு வேக கியர்பாக்ஸ் வந்தது. 1962இல் 150 குதிரைத்திறன் டர்போ எஞ்சினோடு மோன்சா ஸ்பைடர் வந்தது. அதுவும், அதே வருடம் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரும்தான் மக்களுக்கு விற்கப்பட்ட முதல் டர்போ கார்கள். சிக்கன காராகத் தோற்ற வண்டி, இளைஞர்களின் ஸ்போர்ட்டி காராக ஜெயித்தது.

ஃபோர்டில் லீ ஐயகோக்கா இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். மோன்சா வாங்கும் கூட்டத்துக்கு விற்க ஃபோர்டிடம் எதுவும் இல்லை. ஃபால்கனின் பாகங்களையே எடுத்து, நீண்ட முன்பக்கமும் குட்டையான பின்பக்கமுமாக ஒரு உடலை மாட்டி, 1964 ஏப்ரல் 17 அன்று மஸ்டாங்கை வெளியிட்டார்கள். ஒரே வருடத்தில் நான்கு லட்சத்துக்கு மேல் போனது. மஸ்டாங்குக்குள் வி8 போடலாம். கார்வேரின் பின்பக்கம் அந்த எஞ்சினுக்கு இடமே இல்லை. மோன்சா கண்டுபிடித்த சந்தையை மஸ்டாங் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது.

கார்வேர் ரசிகனாக எனக்கு வயிறு எரியும் இடம் அடுத்தது. 1965 மாடல் கார்வேர் அந்தப் பத்தாண்டின் மிக அழகான அமெரிக்க கார்களில் ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸின் தலைமை வடிவமைப்பாளர் பில் மிட்செல் தலைமையில் வரைந்தது, நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப். பின்னால் ஸ்விங் ஆக்சிலைத் தூக்கியெறிந்துவிட்டு, கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரைப்போல் இரண்டு முனையிலும் ஜாயின்ட் உள்ள முழுமையான தனிச் சஸ்பென்ஷன். கோர்சா மாடலில் நான்கு கார்புரேட்டர் எஞ்சின் 140, டர்போ 180 குதிரைத்திறன். குறை முழுவதும் தீர்ந்த வண்டி. அந்த வருடம் சுமார் 2.35 லட்சம் விற்றது.

நேடரின் புத்தகம் வெளிவந்தது 1965 நவம்பர் 30. அதற்குப் பல மாதம் முன்பே, அந்த வருட வசந்த காலத்திலேயே, கார்வேருக்கு இனி புது மேம்பாட்டு வேலை வேண்டாம் என்று உள்ளே முடிவாகிவிட்டது. மஸ்டாங்குக்குப் போட்டியாக, முன் எஞ்சின் வைத்த கமாரோவின் வேலை தொடங்கிவிட்டது. கமாரோ மற்ற செவர்லேக்களோடு பாகங்களைப் பகிர்ந்துகொள்ளும். கார்வேரின் அலுமினிய எஞ்சின் வேறு எந்த காருக்கும் ஆகாது. கணக்குப்பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

#9 கோடைமழை

சார், ஒரு மறுப்பு. 1965இல் 2.35 லட்சம், 1966இல் சுமார் 1.03 லட்சம், 1967இல் 27,000 சொச்சம். இவ்வளவு செங்குத்தான சரிவுக்கு மஸ்டாங் மட்டும் காரணம் என்றால் ஏற்கக் கஷ்டமாக இருக்கிறது. 1966 முழுக்க நேடர் செய்தித்தாளில் இருந்தார். அவரை அங்கே கொண்டுபோய் வைத்ததே ஜெனரல் மோட்டார்ஸ்தான். அந்தப் பகுதியையும் எழுதுங்கள்.

#10 மலர்வேணி

அதை நான் எழுதட்டுமா? சட்டப் பக்கம் எனக்குப் பிடித்த பகுதி இது.

புத்தகம் வந்தபோது நேடர் முப்பத்தொரு வயது வழக்கறிஞர், வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்கள் அவர்மேல் தனியார் துப்பறிவாளர்களை ஏவினார்கள். பின்தொடர்ந்தார்கள். வேலை தரப்போவதாகச் சொல்லி நண்பர்களிடம் அவருடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி விசாரித்தார்கள். விஷயம் வெளியே வந்தது. 1966 மார்ச் 22 அன்று செனட்டர் ஆபிரகாம் ரிபிகாஃபின் துணைக்குழு முன்னால், தொலைக்காட்சிக் கேமராக்கள் பார்க்க, நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் ரோச் மன்னிப்புக் கேட்டார். உலகத்தின் மிகப் பெரிய கார் நிறுவனம் ஒரு தனி மனிதரிடம் மன்னிப்புக் கேட்கிறது. அதன்பிறகு புத்தகம் விற்காமல் என்ன செய்யும்? அதே வருடம் செப்டம்பர் 9 அன்று ஜனாதிபதி ஜான்சன் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தரங்கத்தில் தலையிட்டதற்காக நேடர் போட்ட வழக்கு 1970இல் 4,25,000 டாலருக்குச் சமரசமானது. அந்தப் பணத்தை அவர் பொதுநல அமைப்புகளுக்கே செலவிட்டார்.

ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. அந்தப் புத்தகத்தில் எட்டு அத்தியாயங்கள். கார்வேர் முதல் அத்தியாயத்தில் மட்டும்தான். மற்றவை விபத்தில் மார்பைக் குத்தும் ஸ்டியரிங் தண்டு, கூர்மையான டாஷ்போர்டு, காற்று மாசு, பாதுகாப்பைவிட அழகைப் பெரிதாக நினைத்த வடிவமைப்பாளர்கள் என்று எல்லா நிறுவனங்களையும் கேட்பவை. இன்று நாம் ஏறும் ஒவ்வொரு காரிலும் அந்த ஏழு அத்தியாயங்களின் பலன் இருக்கிறது. கார்வேர் சர்ச்சையில் அந்த ஏழும் மறந்துபோனது எனக்கு வருத்தம்.

#11 பின்எஞ்சின்பிரியன்

மலர்வேணி, இந்த இழையின் சிறந்த பதிவு உங்களுடையதுதான்.

கோடைமழை, சரிவின் வேகத்தில் நேடருக்குப் பங்கு உண்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாவுக்கு நாள் குறித்தபிறகு வந்த காய்ச்சல் அது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. எவ்வளவு குறைவாக விற்றாலும் 1969 மே 14 வரை, மிச்சிகனின் வில்லோ ரன் தொழிற்சாலையில், கார்வேரை விடாமல் தயாரித்தார்கள். கடைசி வருடம் சுமார் 6,000 வண்டிதான். லாபத்துக்காக யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். நேடருக்குப் பயந்து நிறுத்திவிட்டார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகவே இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது என் கணிப்பு. அப்படியென்றால் நேடரால் காரின் ஆயுள் கூடியது என்றுகூட வாதிடலாம்.

#12 வைகைக்கரை

1972 அரசு அறிக்கை நேடர் சொன்னது தவறு என்று நிரூபித்துவிட்டது என்கிறார்களே?

#13 லேத்பட்டறை

நிரூபித்தது என்பது பெரிய வார்த்தை தம்பி. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1960 முதல் 1963 வரையான கார்வேர்களை, அதே காலத்து மற்ற கார்களோடு வைத்துச் சோதித்தது. அசாதாரணமான அளவுக்குக் கட்டுப்பாடிழக்கும் அபாயமோ கவிழும் அபாயமோ இல்லை, அன்றைய சில வண்டிகளுக்குக் குறைந்ததாக இல்லை என்று 1972 ஜூலையில் சொன்னது. நேடர் அதை ஏற்கவில்லை.

அறிக்கையைப் படிக்கும் விதம் இருக்கிறது. ஒப்பிட்டது அன்றைய கார்களோடு. அவற்றில் சில, அதே ஸ்விங் ஆக்சிலும் பின் எஞ்சினும் கொண்டவை. பீட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் மடங்கும். ஆனால் பீட்டில் ஓட்டியவர் குறைந்த சக்தியில், இது வேறு மாதிரி வண்டி என்று தெரிந்தே ஓட்டினார். கார்வேர் வாங்கியவர் நேற்றுவரை பெரிய செவர்லே ஓட்டியவர். அதே பழக்கத்தில் இதையும் வளைத்தார். சோதனைத் தளத்தில் நிபுணர் ஓட்டும் வண்டியும், இரவு மழையில் குடும்பத்தோடு வீடு திரும்புகிறவர் ஓட்டும் வண்டியும் ஒன்றல்ல. அறிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. அது பதில் சொன்ன கேள்வி சின்னது.

#14 கோடைமழை

இதை ஏற்கிறேன். அப்புறம் ஹீட்டர் விஷயத்தை யாரும் தொடவே இல்லை. 1961 முதல் எஞ்சினைச் சுற்றி வந்த சூடான காற்றையே உள்ளே அனுப்பினார்கள். எஞ்சின் சீல்கள் தேய்ந்தால் எண்ணெய்ப் புகையும், எக்ஸாஸ்ட் கேஸ்கட் (புகைக்குழாய் இணைப்பை அடைக்கும் தகடு) கசிந்தால் கார்பன் மோனாக்சைடும் அதே வழியாக வந்துவிடும். குளிர்காலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் ஊரில் இது விளையாட்டல்ல. எனக்கு ஸ்விங் ஆக்சிலைவிட இது பயம்.

#15 பனிப்பிரதேசத்தான்

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் மிச்சிகனில் இருக்கிறேன். என் பக்கத்து வீட்டுத் தாத்தா 1966 மோன்சா கூபே வைத்திருக்கிறார். ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். ஸ்டியரிங் அவ்வளவு லேசு. எஞ்சின் சத்தம் பின்னாலிருந்து, சின்ன விமானம்போல வரும். ஆட்டோமேட்டிக் என்பதால் கியர் மாற்ற டாஷ்போர்டில் விரலளவு ஒரு நெம்புகோல், இரண்டே வேகம். அவர் விற்க நினைக்கிறார், எனக்கு வாங்க ஆசை. என்னென்ன பார்க்க வேண்டும்?

#16 லேத்பட்டறை

நல்ல வருடம். சஸ்பென்ஷன் கவலையே வேண்டாம். வரிசையாகப் பாருங்கள்.

முதலில் துரு. உங்கள் ஊரில் சாலையில் உப்பு போடுவார்கள். முன், பின் கண்ணாடிகளின் விளிம்புக்குக் கீழே, கதவுக்கு அடியில், தரைத்தகட்டில் தட்டிப் பாருங்கள். பாடிதான் சேஸி, அது போனால் எல்லாம் போச்சு. எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம்.

அடுத்தது எண்ணெய்க் கசிவு. இந்த எஞ்சினில் வால்வுகளைத் தள்ளும் தண்டுகள் ஓடும் புஷ்ராடு குழாய்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ரப்பர் வளையம். அந்தக் கால ரப்பர் சூட்டில் கல்லாகிவிடும். சூடு தாங்கும் வைட்டான் வளையங்கள் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால் கசிவும் நிற்கும், கோடைமழை சொன்ன எண்ணெய் வாடையும் பெரும்பாலும் நிற்கும். கார்பன் மோனாக்சைடு வேறு கதை, எக்ஸாஸ்ட் கேஸ்கட்டைத் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது ஃபேன் பெல்ட். நெட்டாகச் சுற்றும் கிராங்க் (எஞ்சின் தண்டு) கப்பியிலிருந்து படுக்கை வாக்கில் சுற்றும் ஃபேனுக்கு அந்த பெல்ட் திரும்பிப் போக வேண்டும். சரியான பெல்ட், சரியான இறுக்கம் இல்லையென்றால் கழன்று ஓடிவிடும். பெல்ட் போனால் குளிரூட்டல் போனது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். வண்டியில் ஒரு உபரி பெல்ட்டும் ஸ்பேனரும் எப்போதும் இருக்கட்டும்.

உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம். மாசசூசெட்ஸில் கார்வேர் பாகங்களுக்கென்றே இயங்கும் கடை இருக்கிறது. 1969இல் தொடங்கிய உரிமையாளர் சங்கத்துக்கும் பல ஊர்களில் கிளைகள் உண்டு. விலை பேசும் முன் அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைத் தூக்கி அடியில் பாருங்கள்.

#17 பனிப்பிரதேசத்தான்

மிக்க நன்றி சார். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவிடம் பேசுகிறேன். முதலில் வளையங்களைப் பற்றிக் கேட்டுவிட்டு, அடிப்பக்கப் படங்களை இங்கே போடுகிறேன்.

#18 பின்எஞ்சின்பிரியன்

படங்களில் எஞ்சின் தகட்டுக் கவசங்களும் தெரியும்படி எடுங்கள் தம்பி. அவற்றில் ஒன்று குறைந்தாலும் காற்று சிலிண்டருக்குப் போகாமல் வெளியேறிவிடும்.